போஃபர்ஸ்: ஜெனீவாவிலிருந்து ஆவணங்களோடு வந்த சித்ரா சுப்பிரமணியம்

1/ ஊழல்னு பேச்செடுத்தா திண்டுக்கல் பெரியவங்களுக்கு 1973 ஞாபகம் வரும். கட்சிக்குள்ள கணக்குக் கேட்டு திமுகவிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்.ஜி.ஆர்., ஊழலை முன்வைத்து நம்ம தொகுதி இடைத்தேர்தலைச் சந்திச்சார். இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் ஜெயிச்சார். அதே திண்டுக்கல் 1989-ல் என்ன பண்ணுச்சுன்னு பின்னாடி வர்றேன். முதல்ல அந்தத் தேர்தலின் பெரிய விவகாரத்தைக் கிளறிய பத்திரிகையாளர் பற்றி.

2/ 1986 மார்ச் 24. சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் 155 மி.மீ. பீரங்கிகள் 400 வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 1,437 கோடி ரூபாய். இடைத்தரகர் யாரும் கூடாதுங்கிறது ராஜீவ் காந்தி அரசு வெளிப்படையா சொன்ன நிபந்தனை.

3/ 1987 ஏப்ரல் 16-ல் சுவீடன் வானொலி குண்டைப் போட்டது: இந்த ஆர்டருக்கு லஞ்சம் கைமாறியிருக்கு. அரசு மறுத்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு அமைச்சாங்க, எதிர்க்கட்சிகள் புறக்கணிச்சாங்க. 1988 ஏப்ரலில் வந்த அறிக்கை, தரகருக்கோ லஞ்சத்துக்கோ ஆதாரமில்லைன்னு முடிச்சது. குழுவில் மாற்றுக் குறிப்பு எழுதியவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், அப்போ அதிமுகவில் இருந்த ஆலடி அருணா.

4/ அறிக்கை வந்து ரெண்டே மாசம். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழில் போஃபர்ஸின் உள் ஆவணங்கள் அச்சாக ஆரம்பிச்சது. அவற்றைக் கொண்டுவந்தவர் ஜெனீவாவில் இருந்த சித்ரா சுப்பிரமணியம். பெரிய பதவி கிடையாது, பின்னால் ஒரு படையும் கிடையாது. சென்னையில் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர் என்.ராம்.

5/ என்னைக் கவர்ந்தது அவங்க வேலை செஞ்ச முறை. "சொல்லப்படுகிறது", "பேசிக்கிறாங்க" எல்லாம் இல்லை. பணம் அனுப்பச் சொன்ன தாள், கணக்கின் பெயர், சதவீதம். ஒரு உதாரணம்: ஏ.இ. சர்வீசஸ் என்ற நிறுவனத்தோட 1985 நவம்பரில் போஃபர்ஸ் போட்ட உடன்பாடு. 1986 மார்ச் 31-க்குள் ஆர்டர் கிடைச்சா 3 சதவீதம் கமிஷன். ஆர்டர் கையெழுத்தானது மார்ச் 24. கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாடி! இதுக்கு விளக்கவுரை வேணுமா?

6/ "ஆனா பீரங்கி நல்ல பீரங்கிதானே, கார்கிலில் அதுதானே காப்பாத்துச்சு?"ன்னு கேப்பாங்க. உண்மை, 1999-ல் பெரிய பங்கு அதுக்கு உண்டு. ஒரு டாக்டரா என் பதில்: மருந்து நல்லா வேலை செய்யுதுங்கிறதால, அதை எழுத வைக்க கம்பெனி கொடுத்த கமிஷன் நியாயமாகிடாது. ரெண்டும் தனித்தனிக் கேள்வி.

7/ 1989 அக்டோபரில் 'தி இந்து' இந்தத் தொடரைப் பாதியில் நிறுத்தியது. ராம் பகிரங்கமா எதிர்ப்புத் தெரிவிச்சார். சித்ரா நிற்கலை. 'இந்தியன் எக்ஸ்பிரஸ்', 'ஸ்டேட்ஸ்மன்' இதழ்களில் தொடர்ந்து எழுதினார்.

8/ அடுத்த மாசம் தேர்தல். 1984-ல் 400-ஐத் தாண்டிய காங்கிரஸ் 197-க்கு இறங்கியது. வி.பி.சிங் பிரதமரானார். தமிழ்நாட்டில்? 39-ல் 38 காங்கிரஸ்-அதிமுக கூட்டணிக்கு! திண்டுக்கல்லிலும் அதிமுகவின் சீனிவாசன். ஆவணங்கள் அச்சானது சென்னையில், ஆட்டம் கண்டது வடக்கே. மக்களைக் குறை சொல்ல இதை எழுதலை. ஆதாரம் உண்மையாங்கிறதை ஓட்டு எண்ணிக்கை தீர்மானிக்காது, அவ்வளவுதான்.

9/ சரி, ஆவணங்களைக் கொடுத்தது யார்? அவரே சம்மதிச்சு வெளியே வந்தது 2012-ல். சுவீடனில் இந்த விசாரணையை நடத்திய போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். கொடுத்தவை 350-க்கும் மேல். அதுவரை கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு சித்ரா அவர் பேரைச் சொல்லலை. நோயாளி நம்மகிட்ட சொன்னது நம்மோட இருக்கணும்னு எங்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தருவாங்க. அதைக் கடைப்பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தொழிலில் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

10/ அதே பேட்டியில் லிண்ட்ஸ்ட்ரோம் இன்னும் ரெண்டு விஷயம் சொன்னார். ராஜீவ் லஞ்சம் வாங்கியதுக்கு ஆதாரமில்லை, ஆனா மூடிமறைச்சதைப் பார்த்துட்டு சும்மா இருந்தார். அமிதாப் பச்சன் பேரை வேணும்னே இழுத்துவிட்டாங்க. ஆவணத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவங்களால்தான் குற்றம் சுமத்தவும் முடியும், பழியைத் துடைக்கவும் முடியும்.

11/ நீதிமன்றங்களில் என்னாச்சு? 2004-ல் ராஜீவ் மீதான லஞ்சக் குற்றச்சாட்டையும், 2005-ல் இந்துஜா சகோதரர்கள் மீதான வழக்கையும் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. 2011-ல் குவாத்ரோக்கியும் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். இந்தியாவில் ஒருத்தர்கூட தண்டிக்கப்படலை.

12/ அப்போ எல்லாம் வீணா? இல்லைங்க. தரகரே இல்லைன்னு ஒரு நாடாளுமன்றக் குழு எழுதிக் கொடுத்த பிறகு, அது பொய்னு நாட்டுக்குத் தெரிஞ்சது அந்தத் தாள்களால்தான். நாளைக்கு நம்ம ஒன்றியத்துல ஒரு நிருபர் ரோடு டெண்டர் பேப்பரோட வந்தா, "யார் கொடுத்தாங்க?"ன்னு துருவாதீங்க. "என்ன எழுதியிருக்கு?"ன்னு கேளுங்க.