குடல் பூஞ்சைகளும் நோயெதிர்ப்பு மண்டலமும்

மனிதக் குடலில் பாக்டீரியாக்களுக்கு இடையே பூஞ்சைகளும் வாழ்கின்றன. மலத்திலுள்ள நுண்ணுயிர் மரபணுக்களை எண்ணினால் இவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் வெகு கீழே. அதனாலேயே ஆய்வாளர்கள் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஓர் ஈஸ்ட் செல் சராசரி பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிது. அதன் சுவரிலுள்ள பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைத் தொடர் மனித உடலின் எந்தச் செல்லிலும் இல்லாதது. எனவே எண்ணிக்கையில் சிறுபான்மையானாலும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கு இவை தப்புவதில்லை. நலமுள்ளவர்களிடமும் அடிக்கடி தென்படுபவை சாக்கரோமைசிஸ், மலசீசியா, கேண்டிடா ஆகிய மூன்று பேரினங்கள். முதலாவது பெரும்பாலும் ரொட்டி, புளித்த பானங்கள் வழியே வந்து போவது. இரண்டாவது தோலில் குடியிருப்பது. குடலிலேயே நிலையாகத் தங்குவது மூன்றாவது. அதிலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம். இந்தத் துறையின் வரலாறு பெருமளவு அந்த ஒரு பூஞ்சையின் வரலாறுதான்.

தொடக்கம் ஒரு தவறான முடிவில் நிகழ்ந்தது. 1839-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபான் லாங்கன்பெக், டைஃபாய்டில் இறந்த ஒருவரின் உணவுக்குழாயில் பூஞ்சையைக் கண்டு, அதுவே காய்ச்சலுக்குக் காரணம் எனக் கருதினார். கைக்குழந்தைகளின் நாக்கில் படியும் வெண்படலத்துக்கும் பூஞ்சைக்கும் உள்ள தொடர்பை 1840-களில் ஸ்டாக்ஹோமில் ஃப்ரெடரிக் பெர்கும் பாரிஸில் டேவிட் க்ரூபியும் காட்டினர். கேண்டிடா என்ற பேரினப் பெயரை 1923-இல் நெதர்லாந்தின் கிறிஸ்டீன் பெர்க்ஹவுட் வைத்தார். இந்த நூறாண்டு முழுவதும் பூஞ்சைதான் ஆராயப்பட்டது. அதை ஏந்தியிருக்கும் உடலை யாரும் ஆராயவில்லை.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்த பிறகே நிலைமை மாறியது. பாக்டீரியாக்கள் மடிந்த குடலில் கேண்டிடா பெருகுவதை மருத்துவர்கள் கண்டனர். நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் பணியாற்றிய எலிசபெத் லீ ஹேசனும் ரேச்சல் ஃபுல்லர் பிரவுனும் வர்ஜீனியாவின் பண்ணை ஒன்றின் மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிரியைக் கொண்டு உருவாக்கிய நிஸ்டாட்டினை 1950-இல் அறிவித்தனர். ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தார். மாதிரிகள் அஞ்சலில் போய் வந்தன. விழுங்கினால் நிஸ்டாட்டின் இரத்தத்தில் கலக்காமல் குடலிலேயே நின்று பூஞ்சையைக் கொல்லும்.

குடல் பூஞ்சை இரத்தத்துக்குள் நுழைய முடியுமா என்ற கேள்விக்கு 1969-இல் லான்செட் இதழில் வந்த ஒரு கட்டுரை பதில் சொன்னது. நலமாக இருந்த ஒருவர் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி கேண்டிடா செல்களை விழுங்கினார். சில மணி நேரத்தில் காய்ச்சல் கண்டது. இரத்தத்திலும் சிறுநீரிலும் பூஞ்சை வளர்ந்தது. அவர் தேறிவிட்டார். இன்றைய அறநெறிக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. ஆயினும் குடற்சுவர் முழுமையான மதில் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நாளில் இல்லை.

அடுத்த பாடத்தை எய்ட்ஸ் தந்தது. 1981 ஜூன் மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட முதல் குறிப்பில் இடம்பெற்ற ஐந்து இளைஞர்களுக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. பின்னர் வந்த நோயாளிகளிடமும் வாயிலும் உணவுக்குழாயிலும் பூஞ்சை படர்ந்தது. ஆனால் இரத்தத்தில் பரவுவது அரிதாகவே இருந்தது. புற்றுநோய் மருந்தால் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்களை இழந்தவர்களுக்கோ, குடலிலிருந்து பூஞ்சை நேரே இரத்தத்தில் இறங்கியது. சளிச்சவ்வைக் காப்பவை எய்ட்ஸில் அழியும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள், உள்ளே நுழைந்ததை அழிப்பவை நியூட்ரோஃபில்கள் என்ற பிரிவு இந்த இரு வகை நோயாளிகளை ஒப்பிட்டதில் புலப்பட்டது.

உடல் பூஞ்சையை எதைக் கொண்டு இனம் காண்கிறது என்பதற்கான முதல் துப்பு ஒரு பழ ஈயிலிருந்து வந்தது. 1996-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழுவினர், டோல் என்ற மரபணு பழுதான ஈக்கள் அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்கு இரையாவதைக் காட்டினர். அந்தக் கண்டுபிடிப்பு 2011-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. ஆனால் பாலூட்டிகளின் குடலைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கோர்டன் பிரவுனும் சியாமன் கோர்டனும் கண்டறிந்த செய்தி: வெள்ளையணுக்களின் மேலுள்ள டெக்டின்-1 என்ற ஏற்பிதான் பீட்டா குளூக்கனைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பியின் சைகை கார்டு9 என்ற புரதம் வழியே செல்லுக்குள் செல்கிறது. முடிவில் ஐஎல்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் டி செல்கள் உருவாகின்றன. ஐஎல்-17 நியூட்ரோஃபில்களை அழைக்கிறது. சளிச்சவ்வுச் செல்களைப் பூஞ்சைக்கு எதிரான சிறு புரதங்களைச் சுரக்க வைக்கிறது.

ஆய்வகத்தில் வரைந்த இந்தப் பாதையை மனிதர்களிடம் உறுதிப்படுத்தியவை சில குடும்பங்கள். டெக்டின்-1 பழுதான ஒரு டச்சுக் குடும்பமும் கார்டு9 பழுதான ஓர் ஈரானியக் குடும்பமும் 2009-இல் விவரிக்கப்பட்டன. முதல் குடும்பத்தில் திரும்பத் திரும்ப மேற்பரப்புத் தொற்று. இரண்டாவதில் மூளை வரை போன தொற்றும் மரணங்களும். 2011-இல் பாரிஸ் குழு ஒன்று, ஐஎல்-17 பாதையே பிறவியில் பழுதானவர்களுக்குத் தோலிலும் சளிச்சவ்விலும் தீராத கேண்டிடா தொற்று வருவதை நிறுவியது.

குரோன் நோயின் கதை தனியே சொல்லத்தக்கது. இந்த நாள்பட்ட குடல் அழற்சி நோயாளிகளின் இரத்தத்தில் ரொட்டி ஈஸ்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பது 1988-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. காரணம் தெரியாமலே அது நோயறியும் சோதனையாகிவிட்டது. அந்த எதிர்ப்பொருளைத் தூண்டக்கூடியது கேண்டிடாவும்தான் என்று பிரான்ஸின் லீல் நகர ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். இந்தியாவில் அச்சோதனையின் பயன் குறைவு. இங்கே குரோன் நோயையும் குடல் காசநோயையும் பிரித்தறிவதே பெரும் சிக்கல். இரண்டையும் அது பிரித்துக் காட்டுவதில்லை என 2007-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வு தெரிவித்தது.

ஐஎல்-17 அழற்சியைத் தூண்டுவது என்பதால் அதை முடக்கினால் குரோன் நோய் தணியும் என்று எதிர்பார்த்தார்கள். தடிப்புத்தோல் அழற்சிக்கு நன்றாக வேலை செய்த செகுகினுமாப் மருந்து குரோன் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2012-இல் வெளியான முடிவு நேர்மாறு: பலன் இல்லை, பாதகங்கள் கூடின, பூஞ்சைத் தொற்றுகளும் தென்பட்டன. குற்றத்தை முழுதும் பூஞ்சையின் தலையில் போடுவதற்கில்லை. குடற்சுவரைச் செப்பனிடுவதிலும் ஐஎல்-17-க்குப் பங்குண்டு. என்றாலும் நோயெதிர்ப்பியலாளர்களைக் குடல் பூஞ்சையின் பக்கம் திருப்பியதில் இந்தத் தோல்விக்கும் இடமுண்டு.

அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் இலியன் இலியேவும் டேவிட் அண்டர்ஹில்லும் டெக்டின்-1 இல்லாத எலிகளுக்குக் குடல் அழற்சி கடுமையாவதையும், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி அதைக் குறைப்பதையும் கண்டனர். 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கு எதிர்மாறாக, டெக்டின்-1 இல்லாத தம் எலிகளுக்கு அழற்சி குறைவதாக அறிவித்தனர். அந்த எலிகளின் குடலில் ஒருவகை லாக்டோபேசில்லஸ் பெருகி, அழற்சியை அடக்கும் டி செல்களை வளர்த்திருந்தது. எலிக்கூடத்துக்கு எலிக்கூடம் குடல்வாழ் உயிர்கள் மாறுபடும். ஆய்வக எலிகளுக்கு இயல்பில் கேண்டிடா அல்பிகன்ஸ் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எலிச் சோதனை ஒன்றை மட்டும் நம்பி மனிதக் குடலைப் பற்றித் தீர்ப்பெழுதுவது அவசரம்.

கடந்த பத்தாண்டில் கேள்வி நுட்பமாகியிருக்கிறது. கேண்டிடா இரு வடிவம் எடுக்கும்: உருண்டையான ஈஸ்ட், நீண்டு துளைக்கும் இழை. இழை வடிவில் அது சுரக்கும் கேண்டிடாலைசின் என்ற 31 அமினோ அமில நச்சை 2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜூலியன் நாக்லிக் குழு அடையாளம் கண்டது. 2021-இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள், குடலில் சுரக்கும் ஐஜிஏ எதிர்ப்பொருள் குறிப்பாக இழை வடிவத்தையே குறிவைப்பதைக் காட்டினர். ஈஸ்ட் வடிவத்தில் இருக்கும்வரை உடல் அதை விட்டுவைக்கிறது. நீளத் தொடங்கினால் பிடிக்கிறது. இது பூஞ்சைக்கும் இழப்பல்ல. இழைகள் களையப்பட்ட கேண்டிடா குடலில் இன்னும் நன்றாகவே தங்குகிறது. பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளிடமிருந்து எடுத்த கேண்டிடா அனைத்தும் ஒரே வீரியம் கொண்டவை அல்ல என்பதும், நச்சு மிகுந்த வகைகளே அழற்சியை ஏற்றுகின்றன என்பதும் 2022-இல் தெரியவந்தன. ஆகவே மலத்தில் கேண்டிடா இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனையால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 1980-களில் அமெரிக்காவில் வில்லியம் க்ரூக்கின் நூலால் பரவி, சோர்வு முதல் தலைவலி வரை எல்லாவற்றுக்கும் ஈஸ்டைக் குற்றம் சாட்டிய கோட்பாட்டுக்கு இவை எதுவும் ஆதாரம் ஆகாது.

கேண்டிடாவுக்கு வெளியிலும் சில செய்திகள் உண்டு. தோல்வாசியான மலசீசியா, குரோன் நோயாளிகளின் குடற்சுவரில் அதிகம் ஒட்டியிருப்பது 2019-இலும், பாலாடைக்கட்டியில் வளரும் டெபாரியோமைசிஸ் ஹன்செனீ அவர்களின் குடற்புண் ஆறுவதைத் தடுப்பது 2021-இலும் வெளியாயின.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, பூஞ்சைக்கொல்லி கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். அண்டர்ஹில்லின் ஆய்வகமே 2016-இல் அதைச் சோதித்தது. இயல்பான எலிகளுக்குப் பல நாட்கள் ஃப்ளூகோனசோல் கொடுத்தபோது கேண்டிடா குறைந்தது. அது விட்ட இடத்தில் அஸ்பெர்ஜில்லஸ், வாலேமியா, எபிகாக்கம் ஆகிய வேறு பூஞ்சைகள் பெருகின. குடல் அழற்சி தணியாமல் மோசமானது. அதோடு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியும் கூடியது.