நெடுநல்வாடை: ஆயர் காட்சி

பத்துப்பாட்டில் ஏழாவதாக அமைந்த நெடுநல்வாடையின் முதல் பன்னிரண்டு அடிகள், வாடைக் காற்றும் மழையும் ஆயர் கூட்டமொன்றை அலைக்கழிப்பதைப் பாடுகின்றன. பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரர். பாட்டுடைத் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன். 188 அடிகளில் பெரும்பகுதி நகரையும் அரண்மனையையும் பாசறையையும் பற்றியதே. ஆயினும் வாடையின் முழு வலிமை தெரிவது ஊருக்கு வெளியே, மாடுகளோடு மழையில் அகப்பட்டுக்கொண்ட இந்தச் சிறு கூட்டத்திடம்தான்.

புதுமழை கொட்டித் தாழ்நிலம் வெள்ளக்காடாகிறது. வளைந்த கோல் ஏந்திய கோவலர் வெள்ளத்தை வெறுத்து, ஏறுகளோடு கூடிய நிரையை வேறு புலத்துக்கு ஓட்டிச் செல்கின்றனர். பழகிய நிலத்தை விட்டு வந்த கலக்கம் அவர்களை வாட்டுகிறது. தலையில் சூடிய காந்தள் கண்ணி நீர் பட்டுக் கலைந்து கிடக்கிறது. பலராகக் கூடி நெருப்பில் கை காய்ச்சியும் குளிர் விடவில்லை. கன்னம் புடைத்துப் பற்கள் நடுங்குகின்றன.

அடுத்து வரும் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. மந்திகள் கூனிக் குறுகுகின்றன. பறவைகள் இருந்த இடத்திலிருந்து விழுகின்றன. கறவைகள் பால் குடிக்க வரும் கன்றை உதைத்துத் தள்ளுகின்றன. முடிவில் குன்றே குளிர்ந்துபோனது போன்ற நள்ளிரவு வருகிறது. காற்றின் வேகத்தை நக்கீரர் எங்கும் அளந்து சொல்லவில்லை. உயிர்கள் எதை மறக்கின்றன என்பதே அவருடைய அளவுகோல். பசி மறப்பது ஒரு படி, தாய்மை மறப்பது அதற்கும் மேற்பட்ட படி. கறவையைக் கடைசியில் வைத்ததில் புலவரின் கைத்திறம் தெரிகிறது. கோவலரின் பிழைப்பே கறவையும் கன்றும்தான். ஆகவே அந்த உதை அவர்கள் வாழ்வின் மேலேயே விழுகிறது.

காலம் கூதிர், அதாவது ஐப்பசியும் கார்த்திகையும். மதுரைச் சமவெளிக்கு வடகிழக்குப் பருவமழை கிடைப்பது இம்மாதங்களில்தான். டி. கல்லுப்பட்டி வட்டாரத்துக் கரிசலில் நடந்தவர்க்குப் பாட்டின் இடப்பெயர்வு எளிதில் விளங்கும். நனைந்த கரிசல் காலைக் கவ்விப் பிடிக்கும். ஆட்டுக் கிடை போட்டிருக்கும் கீதாரி மந்தையை மேட்டுக்கு ஓட்டியாக வேண்டும். ஈரத்தில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகும்.

இதே வாடை நகரத்துக்குள் நுழையும்போது வலுவிழக்கிறது. அங்கே சாளரங்கள் அடைபடுகின்றன, விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்படுகின்றன, சந்தனக் கல் வேலையற்றுக் கிடக்கிறது. தண்ணீரை ஒதுக்கிவிட்டு மக்கள் தடவில் இட்ட நெருப்பைக் காய்கின்றனர். வலிய உடலினர் மதுவுண்டு, தூறலைப் பொருட்படுத்தாமல் தெருவில் திரிகின்றனர். சுவரும் கூரையும் உடையவர்க்கு வாடை ஒரு பருவ மாற்றம் மட்டுமே. கோவலருக்கு அந்தக் காப்பு இல்லை. அவர்களைத் தேடி யாரும் வருவதாகவும் பாட்டு சொல்லவில்லை.

பாட்டு அகமா புறமா என்பது பழைய வழக்கு. அரசியின் பிரிவுத் துயரைப் பாடுவதால் பொருள் அகம்போலத் தோன்றும். ஆனால் பாசறையில் வரும் வேலில் வேப்பந்தழை சூட்டியிருப்பது தலைவன் பாண்டியன் என்பதைக் காட்டிவிடுகிறது. அகப்பாட்டில் தலைவனை இன்னார் என்று சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. இதனால் நச்சினார்க்கினியர் இதைப் புறம் என்றார். கூதிர்ப் பாசறை என்பது வாகைத் திணையின் துறைகளுள் ஒன்றாதலால் அம்முடிவே பொருந்தும். ஆயர் காட்சியும் இதற்கு இசைகிறது: குடிகளை நடுங்கவைக்கும் அதே இரவில், உறங்காமல் புண்பட்ட வீரரைக் காணச் செல்கிறான் அரசன்.

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார். ஆயர் காட்சி தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது.