உலமாவின் ஓலம்

இலங்கைக் காடுகளில் நள்ளிரவில் எழும் ஓர் ஓலத்தைச் சிங்களக் கிராமத்தவர் உலமாவின் குரல் என்பர். அதனைக் கேட்டவர்க்குச் சாவு அணுகும் என்பது பழைய நம்பிக்கை. கணவன் தன் மகவைக் கொன்று கறியாக்கினமை அறிந்து, பித்தேறிக் காடேகிய தாயே அப்பறவையானாள் எனக் கதையும் உண்டு.

இவ்வோலத்தை ஆராய முற்பட்டோருள் ஒருவர் மிற்போட் என்னும் ஆங்கில அதிகாரி. குருநாகலில் அவர் கேட்ட குரல், கழுத்து நெரிக்கப்படும் சிறுவனின் அலறலை ஒத்திருந்ததாம். பறவையைக் கொணர்வோர்க்குப் பரிசு தருவதாக அறிவித்தார்; பயன் விளையவில்லை. சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் அதனை ஆந்தை என்றார். மிற்போட் பக்கியினம் என்றார். அம்மறுப்பை மறைக்காது, 1861இல் வெளியிட்ட தம் இலங்கை விலங்கியல் நூலிலேயே ரெனன்ற் சேர்த்துக்கொண்டமை போற்றத்தக்கது.

இருளிற் கேட்ட குரலையும் நிலவிற் கண்ட உருவையும் ஒன்றெனத் துணிதல் எளிதன்று. பருந்தினங்களையும் சிலர் சுட்டினர். வயிற்றிற் புள்ளிகளையுடைய பெரிய கொம்பன் ஆந்தையே உலமா என்பது இன்று பலர் கொள்ளும் முடிபு.

ஆகவே, கிராமத்தவர் பொய் கூறினாரல்லர். அவர் கேட்ட குரல் மெய்யே; அது கூற்றுவனின் தூது என்பதே மெய்யன்று. சான்றையும் அதன்மேல் ஏறிய அச்சத்தையும் பிரித்தறிதலே ஆராய்ச்சியின் முதற்பணியாகும்.