மூலமும் திருத்தமும்: திருகோணமலைக் கடற்படமும் யுனிக்ஸ் மூலநிரலும்

மூலம் ஓரிடத்தில் இருக்க, அதன் படிகள் பலவிடங்களிற் பரந்து கிடக்குமாயின், மூலத்தில் நிகழும் திருத்தம் அப்படிகளைச் சென்றடைவது எவ்வாறு? கணினிக் காலத்துக்கே உரியதெனப் பலரும் கருதும் இவ்வினா திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பழையது என்பது எமது கருத்து.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் கடற்படங்களை வணிக இரகசியமாகவே பேணியது. பயணம் முடிந்ததும் கப்பற்றலைவர் படத்தைத் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். 1795இல் திருகோணமலை பிரித்தானியர் கைக்கு மாறியது. அதே ஆண்டில் இலண்டனில் அலெக்சாந்தர் தல்றிம்பிளைப் பொறுப்பாளராகக் கொண்டு கடற்படையின் நீரளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. கப்பலோட்டிகளுக்கான அறிவித்தல்கள் 1834இல் வெளிவரத் தொடங்கின. நாளடைவில் உருவான வழக்கின்படி, புதிய பாறையோ வெளிச்சவீடோ பதிவாகும்போது முழுப்படமும் மீள அச்சிடப்படுவதில்லை. திருத்தம் மட்டுமே அனுப்பப்படும். கப்பலிலுள்ள அதிகாரி அதனை மையாற் படத்தில் ஏற்றி, இடப்பக்கக் கீழ்மூலையில் ஆண்டையும் இலக்கத்தையும் குறிப்பார். முந்திய இலக்கம் விடுபட்டிருப்பின் அப்படத்தை நம்பலாகாது. 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்படும்வரை இங்கு நங்கூரமிட்ட பிரித்தானியக் கப்பல்களும் இம்முறைக்கு உட்பட்டனவே.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்சின் மூலநிரலும் ஒரு கம்பனியின் உடைமையாகவே இருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தார் அதனை விரித்து எழுதியபோதும், ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் உரிமம் பெற்றோரே நெடுங்காலம் அதனை முழுமையாகக் காண முடிந்தது. 1992இல் எழுந்த வழக்கு 1994இல் இணக்கமாக முடிந்த பின்னரே, அவ்வழிவந்த பிரீ பி.எஸ்.டி. தடையின்றி வளரலாயிற்று.

அதன் மூலநிரலைப் புதுப்பிக்க 1990களில் ஜோன் பொல்ஸ்ரா ஆக்கிய சி.வி.சப் என்னும் கருவி, மேற்கண்ட மைத்திருத்தத்தின் வழியையே பின்பற்றியது எனலாம். எந்தச் சேவையகம், எந்தக் கோப்பகம், எந்தக் கிளை என்பவற்றைப் பயனர் ஒரு சிறு கோப்பில் எழுதிவைப்பார். கருவி இரு படிகளையும் ஒப்பிட்டு வேறுபாட்டை மட்டும் கொணரும். தொலைபேசிக் கம்பிவழி இணைந்தோர்க்கு இது பேருதவி. ஆயினும், மூலத்தில் இல்லாதவற்றை அழிக்குமாறு அக்கோப்பிற் பணித்துவிட்டுக் கிளையின் பெயரைப் பிழைபட எழுதினால், உள்ள கோப்புகளும் அழிந்துபடும். பிற மென்பொருள்களை நிறுவுதற்குரிய தொகுதிக்கு ஒற்றைப் புள்ளியன்றி வேறு கிளைப்பெயர் இடலாகாது என்ற எச்சரிக்கை இதனாலேயே எழுந்தது. (மொடியூலா-3 என்னும் அருகிய மொழியில் ஆக்கப்பட்டமையாற் கருவியை நிறுவுவதே பலர்க்குப் பெரும்பாடாயிற்று. பின்னர் அது சி மொழியில் மீள எழுதப்பட்டது.) 2008இல் சப்வேர்சனுக்கும், 2020இன் இறுதியிற் கிற்றுக்கும் மூலக் களஞ்சியம் மாறியது.

ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. கடற்படத்தின் தலைப்பில் அளவையை நடத்திய அதிகாரியின் பெயரே பொறிக்கப்படும். துடுப்பு வலித்தவரும் ஆழம் பார்க்கக் கயிறு இறக்கியவரும் அங்கு இடம்பெறார். பிரீ பி.எஸ்.டி. களஞ்சியத்திலோ, பதிவேற்றும் உரிமை இல்லாத ஒருவர் அனுப்பிய திருத்தமாயினும், பதிவேற்றியவரின் குறிப்புக்குக் கீழே 'அனுப்பியவர்' எனத் தனிவரியில் அவர் பெயரை எழுதும் வழக்கம் சி.வி.எஸ். காலத்திலேயே நிலவியது.