நூறாவது குண்டுவீச்சுப் படைப்பிரிவு: போரும் நினைவும்

நூறாவது குண்டுவீச்சுப் படைப்பிரிவு இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிமீது பகல் நேரத் தாக்குதல்கள் நடத்திய அமெரிக்கக் கனரகக் குண்டுவீச்சு விமானப் பிரிவு. 8ஆவது அமெரிக்க வான்படையைச் சேர்ந்தது. 349, 350, 351, 418 ஆகிய எண்களைக் கொண்ட நான்கு ஸ்குவாட்ரன்கள் இதில் இருந்தன. விமானம் நான்கு எஞ்சின் பூட்டிய பி-17, ‘பறக்கும் கோட்டை’ என்று பெயர் பெற்றது. நார்ஃபோக் பகுதியில் டிஸ் நகருக்கு அருகேயுள்ள தார்ப் ஆபட்ஸ் என்ற சிற்றூர் இதன் தளம். 1943 ஜூன் 25 முதல் 1945 ஏப்ரல் 20 வரை 306 முறை தாக்குதலுக்குப் புறப்பட்டது. அவற்றில் 177 விமானங்கள் திரும்பவில்லை. ‘ரத்தம் தோய்ந்த நூறாவது’ என்ற பட்டப்பெயர் போர்க்காலத்திலேயே இதற்கு ஒட்டிக்கொண்டது.

தோற்றம்

1942 ஜூன் 1 அன்று ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இப்பிரிவு செயலுக்கு வந்தது. தொடக்கத்தில் பெயரளவிலான பிரிவுதான். ஆட்களும் விமானங்களும் பிறகே சேர்ந்தன. ஐடஹோ, வாஷிங்டன், யூட்டா, அயோவா, நெப்ராஸ்கா எனத் தளம் தளமாக மாறிப் பயிற்சி பெற்று, 1943 ஜூனில் தார்ப் ஆபட்ஸ் வந்து சேர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை பலரும் விமானத்தில் ஏறியதுகூட இல்லை.

ஒரு பி-17க்குள் பத்துப் பேர்: விமானி, துணை விமானி, நேவிகேட்டர், குண்டைக் குறிபார்த்து விடுபவர், பொறியாளர், வானொலி இயக்குபவர், நான்கு துப்பாக்கி வீரர்கள். விமானத்தின் உட்புறம் காற்றழுத்தம் கட்டப்பட்டதல்ல. இருபத்தைந்தாயிரம் அடி உயரத்தில் ஆக்சிஜன் முகமூடி கழன்றால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். நடுப்பகுதித் துப்பாக்கி வீரர்கள் நின்ற சன்னல்கள் அக்காலத்தில் திறந்தே கிடந்தன. குளிர் சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரியைத் தாண்டும். கையுறையைக் கழற்றித் துப்பாக்கி இரும்பைத் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்போது சிலர் அப்படியும் தொட்டார்கள். குண்டு படாமலேயே பனியால் விரல் இழந்தவர்கள் உண்டு.

1943இல் 25 பறப்புகளை முடித்தவருக்கு வீடு திரும்பும் உரிமை இருந்தது. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் மிகச் சிலர்.

கறுப்பு நாட்கள்

1943 ஆகஸ்ட் 17 அன்று ரேகன்ஸ்புர்க் நகரிலிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் போர் விமானத் தொழிற்சாலையைத் தாக்கும் அணிவகுப்பில் நூறாவதுக்குக் கிடைத்தது கடைசி இடம், அதிலும் தாழ்ந்த இடம். எதிரி வேட்டை விமானங்களுக்கு மிக எளிதான இலக்கு அதுதான். துணை வந்த நேச நாட்டு வேட்டை விமானங்கள் எரிபொருள் எல்லை வந்ததும் திரும்பிவிட்டன. அதற்குப் பிறகு மணிக்கணக்கில் நடந்த சண்டையில் புறப்பட்ட 21 விமானங்களில் 9 விழுந்தன. எஞ்சியவை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வட ஆப்பிரிக்காவில் இறங்கின. அன்று ‘பிக்கடில்லி லில்லி’ என்ற விமானத்தில் பார்வையாளராகப் பறந்தவர் பெய்ர்ன் லே என்ற அதிகாரி. தாம் கண்டதை அவர் பத்திரிகைக் கட்டுரையாக எழுதினார். பின்னாளில் ‘ட்வெல்வ் ஓ கிளாக் ஹை’ நாவலையும் இணைந்து எழுதினார். அவரை ஏற்றிச் சென்ற விமானம் அதே ஆண்டு அக்டோபரில் பிரேமன் நகர வானில் வீழ்ந்தது.

அந்த அக்டோபர் மாதத்தை இப்பிரிவின் ஆட்கள் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 8ஆம் தேதி பிரேமனில் 7 விமானங்கள் போயின. ஸ்குவாட்ரன் தலைவர் கேல் கிளெவன் சிறைபிடிக்கப்பட்டார். இரண்டே நாளில், 10ஆம் தேதி ஞாயிறன்று, மியூன்ஸ்டர். ஜெர்மனிக்குள் நுழைந்தவை 13. திரும்பியது ஒன்று. கிளெவனின் நண்பர் ஜான் ஈகனும் அன்று வீழ்த்தப்பட்டார். இருவரும் ஸாகன் நகரிலிருந்த விமானப்படைப் போர்க்கைதி முகாமில் மறுபடி சந்தித்தார்கள்.

திரும்பிய அந்த ஒரே விமானத்தை ஓட்டியவர் புரூக்லினைச் சேர்ந்த யூத வழக்கறிஞர் ராபர்ட் ரோசன்தால். மியூன்ஸ்டர் அவருக்கு மூன்றாவது பறப்புதான். இரண்டு எஞ்சின்கள் செயலிழந்து, இறக்கையில் ராக்கெட் துளைத்த ஓட்டையோடு, அடிபட்ட இரு துப்பாக்கி வீரர்களைச் சுமந்து அவர் தார்ப் ஆபட்ஸில் இறங்கினார்.

அன்றைய மாலையை அறிய, தளத்தின் வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். விமானங்கள் திரும்பும் நேரம் நெருங்கும்போது கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் மாடியிலும் கீழே புல்தரையிலும் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் உரிய தரைப் பணியாளர்கள் தத்தம் நிறுத்துமிடத்தில் சைக்கிளைச் சாய்த்துவைத்துக் காத்திருப்பார்கள். கிழக்கே புள்ளிகள் தெரிந்ததும் எண்ணத் தொடங்குவார்கள். சிவப்பு ஒளிக்குண்டு சுட்டுக்கொண்டு வரும் விமானத்தில் காயம்பட்டவர்கள் உண்டு என்று பொருள். அதற்கு முதலில் ஓடுபாதை, ஆம்புலன்சும் அதன் பின்னே. மியூன்ஸ்டர் மாலையில் எண்ணுவதற்கு ஒன்றுதான் இருந்தது. தரைப் பணியாளர்கள் இருட்டும்வரை வெற்று நிறுத்துமிடங்களை விட்டு நகரவில்லை. படுக்கைக் குடில்களில் வரிசை வரிசையாகக் கட்டில்கள் காலியாகக் கிடந்தன. தரைப் பணியாளர்களுக்குப் பறக்கும் வீரர்கள் பெற்ற பதக்கங்கள் கிடையாது. ஆனாலும் நூறாவதின் நினைவைப் பேசும் எவரும் அவர்களை விட்டுவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. இரவெல்லாம் குளிரில் எஞ்சின் மாற்றி, காலையில் பத்துப் பேரை அனுப்பிவைத்து, மாலையில் அவர்கள் வராததைக் கண்டவர்கள் அவர்கள்.

1944 மார்ச் 6 அன்று பெர்லின்மீது பெரும் பகல் தாக்குதல் நடந்தது. 8ஆவது வான்படை இழந்த 69 குண்டுவீச்சு விமானங்களில் 15 நூறாவதுக்கு உரியவை. இரண்டே நாளில், மார்ச் 8 அன்று, இதே பிரிவு மீண்டும் பெர்லினுக்குப் பறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31இல் ஹாம்புர்க் தாக்குதலில் மேலும் 12 விமானங்கள் போயின. அன்று வடகடல் மேலே இரண்டு பி-17 விமானங்கள் ஒன்றன் முதுகில் ஒன்றாக மோதி ஒட்டிக்கொண்டன. மேலிருந்த விமானத்தின் விமானி க்ளென் ரோஜனும் துணை விமானி வில்லியம் லீக்கும் தங்கள் ஆட்கள் பாராசூட்டில் குதிக்கும்வரை, இணைந்துபோன அந்த இரட்டை விமானத்தைக் கரைப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு பறந்தனர். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் அருகே தரையில் மோதியும் இருவரும் உயிர் பிழைத்தனர்.

பட்டப்பெயரின் கதை

‘ரத்தம் தோய்ந்த நூறாவது’ என்ற பெயருக்கு ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. நூறாவது பிரிவின் அடிபட்ட விமானம் ஒன்று சரணடையும் அடையாளமாகச் சக்கரங்களை இறக்கியதாம். நம்பி அருகே வந்த ஜெர்மன் விமானங்களை அதன் துப்பாக்கி வீரர்கள் சுட்டு வீழ்த்தினார்களாம். அன்று முதல் இப்பிரிவைத் தேடித் தேடி அடிக்க ஜெர்மன் வான்படையான லுஃப்ட்வாஃபே சூளுரைத்ததாம். ஜெர்மன் ஆவணங்களில் இதற்கு ஆதாரம் இல்லை. ‘டி’ என்ற எழுத்தைச் சதுரத்துக்குள் வரைந்த இப்பிரிவின் வால் அடையாளத்தைப் பார்த்து அணிவகுப்பைக் கலைத்து வரும் அளவுக்கு எதிரி விமானிகளுக்கு நேரமும் கிடையாது. தளர்ந்த, தாழ்ந்த, ஓரத்து அணி எதுவோ அதை அடித்தார்கள். அந்த இடத்தில் பலமுறை நூறாவது இருந்தது.

மொத்த இழப்பில் நூறாவது முதலிடம் பெற்றதும் இல்லை. 91ஆவது படைப்பிரிவு இதைவிட அதிகம் இழந்தது. நூறாவதின் துயரம் வேறு வகை. ரேகன்ஸ்புர்க், பிரேமன், மியூன்ஸ்டர், மார்ச் 6 பெர்லின், ஹாம்புர்க் ஆகிய ஐந்தே நாட்களில் 55 விமானங்கள் போயின. இரண்டாண்டு இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சொட்டுச் சொட்டாக வடியாமல், ஒரே மாலையில் தளமே வெறிச்சோடும்படி இழந்த பிரிவு இது. பட்டப்பெயர் அந்த மாலைகளிலிருந்து பிறந்தது.

அரசின் மதிப்பளிப்பு

ரேகன்ஸ்புர்க் தாக்குதலுக்காகவும், 1944 மார்ச் 4, 6, 8 ஆகிய நாட்களின் பெர்லின் தாக்குதல்களுக்காகவும் அமெரிக்க அரசு இப்பிரிவுக்கு இரண்டு தனிச்சிறப்புப் பாராட்டுகள் வழங்கியது. ஜெர்மன் நிலைகளைத் தாக்கியதற்கும் பிரெஞ்சு எதிர்ப்புப் படைக்குப் பொருள்களை வானிலிருந்து போட்டதற்கும் பிரான்ஸ் தன் போர்ச் சிலுவையை அளித்தது.

பட்டியலில் எளிதில் மறைந்துபோகும் இன்னொரு பணியும் உண்டு. 1945 மே முதல் வாரத்தில் இதே விமானங்கள் குண்டுக்குப் பதில் உணவு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பட்டினியில் வாடிய நெதர்லாந்து மக்களுக்காகத் தாழப் பறந்து போட்டன. போர் முழுதும் மேகத்துக்கு மேலிருந்தே ஊர்களைப் பார்த்தவர்கள் முதன்முறையாகத் தெருவில் நின்று கையசைக்கும் முகங்களைக் கண்டார்கள்.

மேகத்துக்குக் கீழே வேறு முகங்களும் இருந்தன. மியூன்ஸ்டரில் அன்று குறி வைக்கப்பட்டது நகரின் மையப்பகுதி. ரயில் பணியாளர்களும் தொழிலாளர்களும் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். தாக்குதலுக்கு முந்தைய விளக்கக் கூட்டத்திலேயே அது சில வீரர்களுக்குச் சங்கடம் தந்தது. நூற்றுக்கணக்கான பொதுமக்கள் மாண்டார்கள். வீரர்களைப் போற்றும் எழுத்து இதை விழுங்கிவிடக் கூடாது. அந்தச் சங்கடத்தை இறுதிவரை சுமந்தவர்கள் அந்த வீரர்களிலேயே இருந்தார்கள்.

ரோசன்தால் 52 பறப்புகள் பறந்தார். 1945 பிப்ரவரி 3இல் பெர்லின்மீது வீழ்த்தப்பட்டு சோவியத் படையினரிடம் போய்ச் சேர்ந்து தப்பினார். போர் முடிந்து நியூரம்பர்க் விசாரணைகளில் அமெரிக்க வழக்கறிஞர் குழுவில் பணிபுரிந்தார், 2007இல் காலமானார். பிரிவின் நேவிகேட்டர் ஹாரி கிராஸ்பி ஆங்கிலப் பேராசிரியரானார். 1993இல் வெளிவந்த அவரது நினைவுநூல் இப்பிரிவைப் பற்றி உள்ளிருந்து எழுதப்பட்டவற்றில் முக்கியமானது.

கோபுரம்

1945 டிசம்பரில் பிரிவு அமெரிக்கா திரும்பிக் கலைக்கப்பட்டது. தார்ப் ஆபட்ஸ் தளம் 1956இல் மூடப்பட்டது. நிலம் உழவுக்குத் திரும்பியது. ஓடுபாதையின் கான்கிரீட் பெயர்க்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் கோபுரம் கண்ணாடி உடைந்து, புதர் மண்டிக் கிடந்தது. 1977இல் அதை மீட்கத் தொடங்கியவர்கள் அவ்வட்டாரத்து மக்கள். அரசாணை எதுவும் அவர்களை ஏவவில்லை. சிறுவயதில் வேலியோரம் நின்று விமானங்களை எண்ணியவர்களும், அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களும் வார இறுதிகளில் வந்து புதர் வெட்டினார்கள், சாந்து பூசினார்கள். 1981இல் அது நூறாவது படைப்பிரிவின் நினைவு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். கோபுரத்தின் மேல்தளத்தில் நிற்பவர்கள் பார்ப்பது வயல்வெளியை. அன்று எண்ணியவர்கள் நின்ற அதே இடத்தில் நின்று.

மாண்ட வீரர்களில் உடல் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் பலரின் பெயர்கள் கேம்பிரிட்ஜ் அருகே மேடிங்லியில் உள்ள அமெரிக்கக் கல்லறையில் உள்ளன. அங்குள்ள காணாமற்போனோர் சுவரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன.

விழுந்த இடங்களிலும் நினைவு தழைத்தது. 1944 செப்டம்பர் 11 அன்று செக் நாட்டு எல்லையில் எர்ட்ஸ் மலைத்தொடர் மேலே நடந்த வான்சண்டையில் நூறாவது பிரிவு பத்துக்கும் மேற்பட்ட விமானங்களை இழந்தது. அவற்றில் ஒன்றின் வால்பகுதி உடைந்து கோவார்ஷ்ஸ்கா என்ற மலை ஊரின் பள்ளிக்கூடத்தின் மீது விழுந்தது; வால் துப்பாக்கி வீரரான ஜான் க்ளட்ஸ் அதில் மாண்டு கிடந்தார். அந்தச் சண்டைக்கென்றே அவ்வூரில் 1997இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்று மாண்ட அமெரிக்கர், ஜெர்மானியர் இரு தரப்பாரையும் அது நினைவுகூர்கிறது. பிழைத்த இரு தரப்பு விமானிகளும் முதுமையில் அங்கே வந்து கைகுலுக்கியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் பூலர் நகரில் 8ஆவது வான்படைக்கான தேசிய அருங்காட்சியகம் 1996 முதல் இயங்குகிறது. டொனால்ட் மில்லரின் நூலைத் தழுவி 2024 ஜனவரியில் வெளிவந்த ‘மாஸ்டர்ஸ் ஆஃப் தி ஏர்’ என்ற ஒன்பது பகுதித் தொடர் கிளெவன், ஈகன், ரோசன்தால், கிராஸ்பி ஆகியோரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. தொடரில் நான்கைந்து முகங்களே துலங்குகின்றன. வீரர்களும் அவர்கள் வாரிசுகளும் நடத்தும் நூறாவது படைப்பிரிவு அறக்கட்டளை பெயர் தெரியாத துப்பாக்கி வீரர் வரை ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனிப் பதிவு வைத்திருக்கிறது. தாத்தாவின் பெயரைத் தேடி வரும் பேரனுக்கு அவர் எந்த விமானத்தில் எந்த இருக்கையில் எந்த நாளில் பறந்தார் என்பது கிடைக்கிறது.

பிரிவின் மரபை இன்று ஏந்தி நிற்பது சஃபோக் பகுதியில் மில்டன்ஹால் தளத்தில் இயங்கும் அமெரிக்க வான்படையின் 100ஆவது எரிபொருள் நிரப்பும் பிரிவு. அதன் கேசி-135 விமானங்களின் வாலில் சதுரத்துக்குள் ‘டி’ எழுத்து இன்னும் வரையப்பட்டிருக்கிறது.