மினிடெல்லில் இரண்டு வியாபாரம்

வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் சாமான் வாங்குவது அமேசானில் தொடங்கியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அமேசான் கடை திறந்தது 1995ல். அதற்குப் பத்து வருடம் முன்பே பிரெஞ்சுக்காரர்கள் போர்வையும் ரயில் டிக்கெட்டும் அப்படி வாங்கிக்கொண்டிருந்தார்கள். இன்டர்நெட்டில் அல்ல, மினிடெல்லில்.

பிரான்ஸின் தபால் தந்தித் துறை (நாங்கள் பே-தே-தே என்போம்) 1980ல் சேன்-மாலோவிலும் 1981ல் வெலிஸியிலும் சோதனை செய்துவிட்டு, 1982 முதல் இந்தப் பெட்டியை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. தடித்த டெலிபோன் டைரக்டரிக்குப் பதில் இது. டெலிபோன் லைனில் மாட்டினால் போதும். திரையில் வரிக்கு 40 எழுத்து. போட்டோ எல்லாம் வராது.

1988ல் பிரான்ஸ் போனபோது பெரியம்மா மகன் வீட்டில் இதைப் பார்த்தேன். அண்ணியின் மடியில் லா ரெதூத் கம்பெனியின் கேட்டலாக். படம் புத்தகத்தில், ஆர்டர் பெட்டியில். சாமானின் எண், அளவு, எத்தனை என்று தட்டினார், முடிந்தது. "யாரையும் கேக்க வேணாம் தம்பி, புடிச்சா வாங்கிட வேண்டியதுதான்" என்றார். ரூபே நகரத்து அந்தக் கம்பெனி 1928லிருந்தே கேட்டலாக் போட்டு விற்றது. கிடங்கும் பொட்டலம் கட்டும் ஆட்களும் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். அண்ணி எழுதிப் போட வேண்டிய கடிதத்தின் இடத்தைத்தான் மினிடெல் பிடித்தது.

யாரையும் கேட்க வேண்டாம் என்ற அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நான் கொள்முதல் ஃபைல் பார்த்தவன். எங்கள் அலுவலகத்தில் நாற்காலி வேண்டும் என்று கேட்பவர் ஒருவர், அனுமதி தருபவர் ஒருவர், பணம் தருவது ட்ரஷரி. நடுவில் மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், மேலதிகாரியின் "பேசவும்" என்ற குறிப்பு. சாமானைக் கொடுத்துவிட்டு பில்லுக்காக மாதக்கணக்கில் நடந்த வியாபாரிகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது வேகமான பெட்டி அல்ல, பில் எந்த மேஜையில் கிடக்கிறது என்ற தகவல்.

இந்த வித்தியாசத்தை பே-தே-தே டெலிபோன் எண்ணிலேயே வைத்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 3615 பொதுமக்களுக்கு. 1984ல் வந்த இதற்குக் கியோஸ்க் என்று பெயர். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். டெலிபோன் பில்லோடு பே-தே-தேயே வசூலித்து, தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை சேவை நடத்துபவருக்குக் கொடுத்துவிடும். கூப்பிட்டவர் யார் என்று விற்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். எந்தச் சேவையைப் பார்த்தார் என்று பில்லிலும் இருக்காது. (பாரிஸ் சுவர்களில் 3615க்கு ஒட்டியிருந்த சில போஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ரகசியத்தின் அருமை புரியும். மேலே எழுத வேண்டாம்.)

3613 நேர்மாறு. சேவைக்கான கட்டணத்தைக் கூப்பிடுபவர் கட்ட வேண்டாம், கம்பெனிதான் கட்டும். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு யார் அப்படிக் கட்டுவார்கள்? தங்கள் கிளைகள், டீலர்கள், பாஸ்வேர்டு கொடுத்து வைத்த வாடிக்கையாளர்கள், இவர்களுக்குத்தான். விலையும் கடன் தவணையும் ஆளுக்கு ஆள் மாறும். அது முன்பே நேரில் பேசி முடித்தது. பெட்டியில் வருவது ஆர்டர் மட்டும். ஒரு கணக்கு கைவிட்டுப் போனால் வருடாந்தர வியாபாரமே போகும். அண்ணி வேறு கேட்டலாக்குக்கு மாறினால் லா ரெதூத்துக்குப் போவது நாலு போர்வைதான்.

மினிடெல்லை 2012 ஜூன் 30ல் நிறுத்திவிட்டார்கள். நம் மத்திய அரசு 2016ல் ஜெம் என்று ஒரு இணையச் சந்தை கொண்டுவந்தது. அரசு அலுவலகங்கள் வாங்குவதற்கானது, நான் ஓய்வு பெற்ற பிறகு வந்தது. அதிலும் வாங்குபவருக்கு ஒரு லாகின், சாமானைப் பெற்றுக்கொள்பவருக்கு ஒன்று, பணம் கொடுப்பவருக்கு ஒன்று.