கிராப், டாட்ஜ், பர்ன்: இருட்டறையிலிருந்து வந்த சொற்கள்



போன வாரம் பேரன் எங்கள் அம்மாவின் பழைய படத்தைக் கணினியில் ஏற்றி, கிராப், டாட்ஜ், பர்ன் என்று பாடம் நடத்தினான். எல்லாம் புதுச் சொற்கள் என்று நினைத்திருக்கிறான். இவை ஸ்டுடியோ இருட்டறையில் புழங்கியவை.

என்லார்ஜர் வெளிச்சம் தாளில் விழும்போது, கம்பி முனையில் ஒட்டிய வட்ட அட்டையால் முகத்தை மறைத்தால் அந்த இடம் வெளுப்பாக வரும். அது டாட்ஜ். கையைக் குவித்து, நடுவில் விட்ட ஓட்டை வழியாகக் கூடுதல் வெளிச்சம் காட்டினால் அந்த இடம் கறுக்கும். அது பர்ன். போட்டோஷாப்பில் சின்னங்களைப் பாருங்கள்: ஒன்று குச்சி மிட்டாய் மாதிரி, இன்னொன்று குவித்த கை. 1990இல் அடோபி வெளியிட்ட அந்த மென்பொருளை எழுதத் தொடங்கிய தாமஸ் நோலின் அப்பா, வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர். லேயர் 1994இல்தான் வந்தது. படப்புள்ளி என்கிறோமே, அந்த பிக்சல் கணினிக் காலத்துச் சொல். அச்சில் வந்தது 1965இல்.

நம் பக்கத்துக் கதையும் உண்டு. பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம். சென்னை அரசின் படப்பிடிப்பாளராக இருந்த லின்னேயஸ் டிரைப், திருச்சி, தஞ்சை, மதுரையைப் படமெடுத்தார். அவருடைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாக விழும். நெகட்டிவின் மேலேயே வண்ணம் பூசி மேகம் வரவழைத்தவர் அவர். தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளமாக்கினார். இன்று போனை நகர்த்தி எடுக்கிறீர்களே பனோரமா, அதேதான். 1858இல்!

கிராப்புக்கு வருகிறேன். அம்மா இறந்தபோது மாலை போடத் தனிப்படம் இல்லை. ஒரு கல்யாணக் குரூப் போட்டோவை அரியலூரில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். நகல் எடுக்காமல் அசலையே கத்தரித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற சின்னம்மா போய்விட்டார். அவருக்கு வேறு படமே கிடையாது.

“அன்டூ பண்ண முடியாதா தாத்தா?” என்றான் பேரன். நெகட்டிவும் இல்லையடா என்றேன். அம்மாவின் தோளில் நாலு விரல் மட்டும் தெரிகிறது. சேலை மடிப்பில் விழுந்த கறை என்று நினைத்து, குளோன் கருவியால் அழிக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

உறவில் யாரிடமாவது அந்தக் கல்யாணப் படத்தின் இன்னொரு பிரதி இருந்தால், பின்பக்க எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்புங்கள். தயவுசெய்து எதையும் வெட்டாமல்.